முப்பத்தேழு ஜோடிக் கால்கள்

பேய், பிசாசு, ஆவி, இதிலெல்லாம் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும், என் தம்பியும் அப்படித்தான் பார்த்தான். நடந்தது நடுராத்திரியும் இல்லை, சுடுகாட்டுப் பக்கமும் இல்லை. பட்டப்பகலில், ஏசி பஸ்ஸுக்குள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். சென்னைத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வந்தால் அதில் வரும் வெளிநாட்டுக்காரர்களைக் காலையில் இறக்கி, ஊரைச் சுற்றிக் காட்டி, கப்பல் கிளம்புவதற்குள் திரும்ப ஏற்றிவிட வேண்டும். அந்தச் சுற்றை நிமிஷம் நிமிஷமாகத் திட்டம் போடுவது என் வேலை. பதினாலு வருஷமாகக் கோட்டை, கடற்கரை, மயிலாப்பூர் என்று ஒரே வழி போட்டுப் போட்டு எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. பழைய ஊர் என்றால் கடற்கரையோரம் மட்டும்தானா, எங்கள் மேற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லையா என்று ஒருநாள் முதலாளியிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"அம்பத்தூரு ஆவடில இன்னாம்மா கீது? கம்பெனி கீது, தூசி கீது. இதப் பாக்கவா கப்பலேறி வர்றான்?" என்று சிரித்தார். நான் விடவில்லை. கடைசியில், "சரி, ஒரே ஒரு பஸ்ஸு தர்றேன். ஒரு ஆளு கொறஞ்சாலும் இந்த ரூட்ட மூட்ட கட்டிடணும்" என்றார்.

நான் போட்ட வழி இதுதான். காலை ஏழரைக்குத் துறைமுகத்தில் கிளம்பி, நான் குடியிருக்கும் கோவில்பதாகையில் கோலம், பூக்கட்டுதல், காபி. அப்புறம் திருமுல்லைவாயில் சிவன் கோயில், அங்கே நந்தி சாமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும், அதைக் காட்டினாலே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பன்னிரண்டுக்கு நடை சாத்துவதற்குள் கிளம்பி, இரண்டு மணிக்குள் கப்பல்.

புது வழி என்றால் ஒத்திகை பார்க்காமல் விடமாட்டேன். கப்பலில் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், அதனால் எங்கள் தெருவில் மூட்டுவலிக்காரர்களாகப் பார்த்து முப்பது பேரைப் பொறுக்கி, பஸ்ஸில் ஏற்றி இறக்கி நேரம் குறிப்பேன். "நல்லா நொண்டுங்க மாமி, அப்பத்தான் டைம் கரெக்டா வரும்" என்றால் ஒரே சிரிப்பு.

எண்ணுவதிலும் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. தலையை எண்ண மாட்டேன். பையை எடுக்கக் குனிவார்கள், சீட்டில் சரிந்து தூங்குவார்கள், தலை ஏமாற்றிவிடும். கால் எங்கேயும் போகாது. முன்னாலிருந்து பின்னால் வரை தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன், ஜோடிக்கு ஒரு தடவை, அமுக்க அமுக்க எண் ஏறும் கிளிக்கரைக் கையில் வைத்து அமுக்குவேன். இந்தப் புது வழியின் ஒத்திகையில் முப்பது பேருக்கு முப்பத்தொன்று வந்தது. மறுபடியும் எண்ணினேன், முப்பத்தொன்று. டிரைவர் தாஸ் அண்ணன் பூந்தமல்லிக்காரர், "விரலு தடிச்சிப் போச்சும்மா உனக்கு, ரெண்டு தபா அமுக்கிக்கினு கீற" என்று கிண்டலடித்தார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கப்பல் வந்த அன்று முப்பத்தாறு பேர். துறைமுகத்திலேயே கிளிக்கர் முப்பத்தேழு காட்டியது. கைடு பிரபு அண்ணன் தானும் எண்ணி, "முப்பத்தாறுதான், நீ ஒண்ணு கழிச்சுக்கோ" என்றார். கோவில்பதாகையில் திரும்ப ஏறும்போதும் எனக்கு முப்பத்தேழு. அதைப் பற்றிக் கவலைப்பட எனக்கு நேரமில்லை, ஏனென்றால் அங்கே எங்கள் தெருவே அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. ஒத்திகையில் நொண்டிய மாமிகள் இப்போது வீட்டுக்காரிகளாக மாறி வெள்ளைக்காரர்களைத் தரையில் உட்காரவைத்துப் புள்ளிக்கோலம் போடச் சொல்லி அதட்டுகிறார்கள், ஒருவர் பூக்கட்டக் கற்றுக்கொண்டு கைதட்டுகிறார், கிளம்ப மனசே இல்லை யாருக்கும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முதலாளி பக்கத்தில் இல்லையே என்றுதான் ஆற்றாமை.

கோயிலும் அப்படியே நல்லபடி முடிந்தது. பதினொன்றரைக்கு எல்லாரும் ஏறினார்கள். எண்ணிக்கொண்டு போனேன். கடைசி வரிசை ஜன்னலோரம் செருப்பில்லாத இரண்டு கால்கள், விரலில் வெள்ளி மெட்டி. எந்த அம்மாவோ ஆசைப்பட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து அமுக்கினேன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் எண்ணிக்கை தப்பும். கிளிக்கர் முப்பத்தாறு.

"அப்பாடா, சரியா வந்துடுச்சு. போலாம் ரைட்" என்றார் பிரபு அண்ணன். அவர் தானாக எண்ணவில்லை, என் கணக்கு ஒருவழியாகச் சரியானதே போதும் என்று இருந்துவிட்டார். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கிளிக்கரையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலையிலிருந்து முப்பத்தேழு வந்தது இப்போது ஏன் குறைய வேண்டும்? பஸ் தெருமுனை திரும்புவதற்குள் கத்திவிட்டேன், "அண்ணா, வண்டிய நிறுத்துங்க!"

"இன்னாம்மா ஆச்சு?"

"பேரு கூப்புடணும்."

பெயர் கூப்பிட்டால் பத்து நிமிஷம் போகும், பயணிகள் முகம் சுளிப்பார்கள், அதனால் யாரும் செய்வதில்லை. பிரபு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே கூப்பிட்டார். முப்பத்தைந்து பேர் கை தூக்கினார்கள். ஹென்றி என்ற பெயருக்கு மட்டும் பதிலில்லை. எண்பது வயது, தனியாக வந்தவர், அதனால் காணோம் என்று தேட அவருக்குப் பக்கத்தில் ஆளில்லை.

இறங்கி ஓடினேன். நம்பினால் நம்புங்கள், இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் அப்படி ஓடியதே ஓர் அமானுஷ்யம்தான். நடை சாத்த மணி அடித்துக்கொண்டிருந்தது. பிரகாரத்தின் பின்பக்கம், தூண் மறைவில், கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் ஹென்றி உட்கார்ந்திருந்தார். பயமே இல்லை முகத்தில். தாங்கிக் கூட்டிவந்து ஏற்றியபோது பஸ் முழுக்கக் கைதட்டல், விசில். மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு. யாரிடமும் சொல்லாமல் கிளிக்கரைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

தாஸ் அண்ணன் ஓட்டிய ஓட்டத்தில் இரண்டு மணிக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே துறைமுகம். முப்பத்தாறு பேரும் கழுத்தில் தாங்கள் கட்டிய மல்லிகையோடு கப்பலேறினார்கள். அந்த வாரமே கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம், இந்த சீசன் முழுக்க இந்த வழிதான் வேண்டுமாம். முதலாளி தன் கையால் எனக்கு டீ வாங்கி வந்து, "ஜெயிச்சிட்டம்மா நீ" என்றார். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இப்போது வாரம் ஒரு பஸ் அந்தப் பக்கம் போகிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு இரண்டு கூடுதலாகத்தான் வருகிறது, வந்தால்தான் வண்டியை எடுக்கச் சொல்கிறேன். இன்றுவரை ஒருவரையும் விட்டுவிட்டு வந்ததில்லை. பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள், நான் எண்ணுவதே கால்களைத்தான், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆனால் அன்று கப்பலேறும் முன் ஹென்றி என்னிடம் சொன்னது ஒன்று இருக்கிறது. கோயிலில் தன்னோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாராம், வேட்டி கட்டியவர். நான் போனபோது அங்கே ஒரு குருவிகூட இல்லை. அந்தப் பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாதாம், ஜாடையிலேயே பேசினாராம். பஸ் ஓட்டுவது மாதிரி காட்டி, விரல் விட்டு எண்ணிக் காட்டி, திரும்பி வரும் என்று கை அசைத்தாராம். யார் திருப்பிக்கொண்டு வருவார்கள் என்று ஹென்றி கேட்டதற்கு, தன் கால் விரலைத் தொட்டு, அதைச் சுற்றி வளையம் மாதிரி வரைந்து காட்டினாராம்.

"கால் விரலில் மோதிரம் போட்ட பெண். அது நீங்கள்தானே? உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும்" என்று ஹென்றி குனிந்து என் காலைப் பார்த்தார்.

நான் அன்று ஷூ போட்டிருந்தேன். கழற்றிக் காட்டியிருந்தாலும் மெட்டி இருந்திருக்காது. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.