ஊசி க்ரீமும் மச்சான் கையும்

சாதாரண சோப்பு போட்டாலே சிவந்துபோகும் முகம் எனக்கு. அப்படியிருந்தும், மச்சான் துபாயிலிருந்து வருகிறார் என்றதும் ஆன்லைனில் ஊசி க்ரீம் வாங்கினேன். மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். காரைக்காலில் எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். கடல் பஞ்சிலிருந்து எடுத்த, கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் அந்த க்ரீமில் இருக்குமாம். பழைய தோலை உரித்து முகத்தைப் பளபளப்பாக்குமாம்.

"முதல்ல கையில கொஞ்சம் தடவிப் பாரு லாத்தா" என்றாள் தங்கை. கேட்டேனா? அவர் வருவதற்கு முதல் நாள் முகம் முழுக்கத் தேய்த்துக்கொண்டேன்.

மறுநாள் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்தது. பெட்டியைக்கூட இறக்காமல் உள்ளே வந்தவர், இரண்டு கையாலும் என் முகத்தை ஏந்தினார். முகமெல்லாம் முள்ளாகக் குத்தியது. "ஆ!" என்று அலறி அவர் கையைத் தள்ளிவிட்டேன்.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கட்டட வேலையில கம்பி கட்டிக் கட்டி சொரசொரன்னு ஆயிடுச்சு புள்ள. வலிச்சிடுச்சா?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அய்யோ, உங்க கை இல்ல மச்சான், என் கிறுக்குத்தனம்!" என்று டப்பாவை எடுத்துக் காட்டினேன். சிரித்தார். ஆனாலும் கையை நீட்டவில்லை.

சில நாளில் எரிச்சல் அடங்கியது. நானே கன்னத்தைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் குத்தவில்லை. உடனே போய் அவர் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப குத்துதா?" என்றார்.

"இல்லவே இல்ல" என்றேன்.

அவர் கை குத்தத்தான் செய்தது. அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொல்லவில்லை.