சம்பத்குமார் நேரில் பார்த்த முதல் சோதனை

மைசூர் அக்ரஹாரத்தில் சம்பத்குமாருக்கு இருந்த 'கவுரவமான குடிமகன்' பட்டம் சட்டமே கொடுத்தது. போலீஸ் ஓர் இடத்தைச் சோதனை போடும்போது, அந்த வட்டாரத்துக் கவுரவமான குடிமக்கள் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். கவுரவத்தை எதைக்கொண்டு அளப்பது என்று அதில் சொல்லவில்லை. ஆகவே ஸ்டேஷன்காரர்கள் தூரத்தைக்கொண்டு அளந்தார்கள். ஸ்டேஷன் வாசலுக்கு நேர் எதிரே சம்பத்குமாரின் ஜெராக்ஸ் கடை. அதை ஒட்டி சித்தையனின் டீக்கடை. மைசூரிலேயே அதிக கவுரவம் உள்ளவர்கள் இவர்கள் இருவரும்தான் என்று இப்படித்தான் முடிவாயிற்று.

கவுரவமான மனிதரை வெயிலில் அலைய விடக்கூடாது என்பதில் ஸ்டேஷன் கண்டிப்பாக இருந்தது. சோதனை நடந்த எந்த இடத்துக்கும் சம்பத்குமார் போனதில்லை. மகஜர், அதாவது சோதனையில் என்ன கிடைத்தது என்று எழுதும் தாள், அவர் கடைக்கே வரும். மேலே வெறுமையாக இருக்கும். அடியில் கையெழுத்துப் போடுவார். பிறகு அந்த வெறுமையில் கஞ்சா முளைக்கும், திருட்டு பைக் முளைக்கும். ஒரே சாயங்காலம் நஞ்சன்கூடு சாலையில் ஒரு சூதாட்டமும் ஹெப்பாளில் ஒரு திருடனும் அவர் கண்ணெதிரே பிடிபட்டதுண்டு. அப்போது அவர் கடையில் உட்கார்ந்து, மெஷினில் சிக்கிய பேப்பரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

இதற்குக் கூலி என்று எதுவும் கிடையாது. ஹெல்மெட் இல்லாமல் போனால் நிறுத்த மாட்டார்கள். கான்ஸ்டபிள்கள் 'சார்' போடுவார்கள். அது போதும்.

கோர்ட்டில்தான் கொஞ்சம் உழைப்பு. அரசு வக்கீல் வராந்தாவில் பாடம் சொல்லிக்கொடுப்பார். சம்பத்குமார் கூண்டில் ஏறி ஒப்பிப்பார். "உள்ளே நுழையும் முன் போலீஸ்காரர்கள் தங்கள் பைகளைத் திறந்து காட்டினார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். அவர்களிடம் எதுவும் இல்லை. அதன் பிறகே நுழைந்தார்கள். கடைசிவரை நான் கூடவே இருந்தேன்." குடிமகனின் வாசலில் அரசாங்கம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். எல்லாம் நடந்ததாகச் சத்தியம் செய்தே மனப்பாடம் ஆனவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தே ஒரு மழைக்காலத்தை ஓட்டியிருக்கிறார். அதில் ஒரு வரி படித்ததில்லை.

தெருமுனையில் போலீஸ் கேமரா வைத்தபோது தேங்காய் உடைத்தவரும் அவர்தான். "தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்?" என்று நாலு வார்த்தை பேசிக் கைதட்டலும் வாங்கினார்.

கேமரா சும்மா இருக்கவில்லை; ஸ்டேஷனில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது காட்டியது இது. தினமும் சாயங்காலம் ஹெப்பாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இளைஞர்கள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கதவு பாதி திறக்கிறது. ஒரு கை நீள்கிறது. கையில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ அடைத்த சின்னப் பாக்கெட். பணம் உள்ளே போகிறது, கதவு மூடுகிறது. ஒரு வார்த்தை பேச்சில்லை. அந்தக் கை சம்பத்குமாரின் மனைவி செலுவம்பாவுடையது. சீரியல் நேரத்தில் அவள் யாருடனும் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சப்-இன்ஸ்பெக்டர் பசவராஜ், கான்ஸ்டபிள் மனோஜ்குமாரோடு சம்பத்குமாரின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வாங்கோ, வாங்கோ! சொல்லியனுப்பியிருந்தா நானே வந்து கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"அதெல்லாம் முன்னாடியே போட்டுட்டீங்க சாமி." பசவராஜ், தமிழ் பேசும் எல்லையோரக் கிராமமான மார்டள்ளிக்காரர்; மரியாதைக்குக் குறைவு வைக்காதவர். "உங்க ஊட்டைச் சோதனை போடோணுமுங்க. போதைப்பொருள்னு சந்தேகம்."

"எங்காத்தையா! வாரண்ட்?"

"அவசரம்னு எழுதிக்கலாமுங்க."

"சாட்சி?"

பசவராஜ் ஃபைலைத் திறந்தார். "இந்த வட்டாரத்துல கவுரவமான ஆளுக ரெண்டு பேரு. ஒண்ணு டீக்கடைச் சித்தையன். இன்னொண்ணு..." கொஞ்சம் கூச்சப்பட்டார். "நீங்கதானுங்க."

தாளின் அடியில் சம்பத்குமாரின் கையெழுத்து, வால் நீட்டி, அழகாக இருந்தது. வெள்ளிக்கிழமை போட்டது. மேலே முழுக்க வெறுமை. தன் வீட்டு அடுக்களையில் இவர்கள் என்ன கிடைத்ததாக எழுதினாலும் அதைத் தானே கண்ணால் பார்த்தாயிற்று. செலுவம்பாவை ஜெயிலுக்கு அனுப்ப அரசுத் தரப்பின் முதல் சாட்சி அவள் புருஷன்.

உள்ளேயிருந்து செலுவம்பாவின் குரல் வந்தது. "ஏன்னா, படிக்காமயா கையெழுத்துப் போட்டேள்?"

"படிக்க அதுல ஒண்ணுமே இல்லேடி."

"மனோஜு, போனை எடு. புதுச் சட்டமுங்க சாமி, சோதனையை வீடியோ எடுத்தே ஆகோணும்."

மனோஜ்குமார் போனைத் தூக்கிப் பிடித்தான். சிவப்புப் புள்ளி எரிந்தது. அதைக் கண்டதும் பழக்க தோஷத்தில் சம்பத்குமார் கூண்டில் நிற்பவர்போல நிமிர்ந்தார்; தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உள்ளே நுழையறதுக்கு முன்னால போலீஸ்காரா தங்களோட பையைத் திறந்து காட்டினா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். இன்றைக்குத்தான் அதன் அர்த்தம் காதில் விழுந்தது.

"காட்டுங்கோ" என்றார்.

"என்னத்தைங்க?"

"பையை. நீங்க எதையும் உள்ளே கொண்டுபோகலேன்னு நான் பார்க்கணும்."

"சாமி, அது கோர்ட்டுல சொல்றதுக்குங்க!"

"கோர்ட்டுல எத்தனையோ தரம் பார்த்துட்டேன். ஆத்துல ஒரு தரம் பார்க்கப்படாதா? வீடியோ வேற ஓடறது."

பசவராஜ் போனைப் பார்த்தார். போனும் அவரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் கர்சீப், சாவி, ஜலதோஷ மாத்திரை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு போனைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, "நீயும் காட்டுடா" என்றார்.

"எனக்கு எதுக்கு சார்?"

"காட்டுங்கறேன்."

மனோஜ்குமாரின் பேன்ட் பையிலிருந்து ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு பாக்கெட் வெளியே வந்தது. கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது.

"டேய், இதென்றா?"

"கொஜ்ஜு சார், புளிக்காய்ச்சல். புளியோகரேக்குச் சோத்துல போட்டுப் பிசையறது. இந்த வீட்டு அம்மாகிட்ட வாராவாரம் வாங்கறதுதான். நேத்து வாங்கினது, பையிலயே மறந்துட்டேன்."

"அப்ப கேமராவுல வந்து போற பசங்கள்ல நீயும் ஒருத்தனா? அதைத்தானடா நாங்க ஒரு வாரமா உத்து உத்துப் பார்த்தோம்!"

"நான் ஹெல்மெட் போட்டிருந்தேன் சார்."

செலுவம்பா கரண்டியோடு வெளியே வந்தாள். "மனோஜா, போன தரம் வெல்லம் தூக்கலா இருந்துதாமே, உன் ஆத்துக்காரி சொன்னா. இந்தத் தரம் குறைச்சிருக்கேன்."

"எழுதிக்கோங்கோ" என்றார் சம்பத்குமார், கூண்டுக் குரலில். "சோதனைக்கு முன்னால, கான்ஸ்டபிள் பையிலேர்ந்து, கறுப்பா பிசுபிசுன்னு ஒரு பொருள்..."

"வீடியோவை நிறுத்துடா!" என்று பசவராஜ் கத்தினார். போன் தன் கையில்தான் இருக்கிறது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பாக்கெட்டைப் பிரித்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் வைத்தார், சந்தேகம் தீர. சோதனை அத்தோடு முடிந்தது. செலுவம்பா கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டியபடி நின்றாள். ஃபைலில் இருந்த, சம்பத்குமார் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள் எல்லாம் அந்தக் கைக்கு வந்து சேர்ந்தன. பதிலுக்கு அரை கிலோ கொஜ்ஜு ஜீப்பில் ஏறியது, காசு கொடுத்துத்தான்.

மறுநாள் மனோஜ்குமார் புதுத் தாளோடு கடைக்கு வந்தான்.

"எங்கே சோதனை?" என்றபடி சம்பத்குமார் ஷட்டரை இறக்கப் போனார். "இரு, நானும் வரேன்."

"நீங்க எதுக்கு சார் வெயில்ல?"

"பார்த்துட்டுப் போடறேன்."

மனோஜ்குமார் தாளை எடுத்துக்கொண்டு, டீக்கடையைத் தாண்டி, பஞ்சர் கடைப் பக்கம் போனான். வட்டாரத்தின் கவுரவமான குடிமக்கள் இப்போது சித்தையனும் பஞ்சர் கடைக்காரரும்தான்.

அந்த வாரமே அக்ரஹாரம் சர்க்கிளில் சம்பத்குமாரின் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள்.

"என்னைத் தெரியலையா?"

"தெரியுது. ஹெல்மெட் எங்கே?"

'சார்' இல்லை. அபராதச் சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். சம்பத்குமார் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்துக் காத்திருந்தவர்களைச் சட்டை செய்யாமல், பின்பக்கத்துப் பொடி எழுத்து உட்பட எல்லாவற்றையும் படித்து முடித்தார். அதற்கப்புறம்தான் பேனாவைக் கேட்டார்.