‘எங்க வீடு’ என்றதால் போன நிவாரணம்

ஆகஸ்ட் விடுமுறையில் பதுளைக்குப் போனேன். காரணம் வெட்கம். கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். எங்கோ யுத்தம் நடந்தால் இங்கே எண்ணெய் விலை ஏறும், அரசு வரியைக் கூட்டி மானியத்தை வெட்டும், ஏழைகளுக்கு மட்டும் நேரடியாக நிவாரணம் கொடுக்கும் என்று பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவேன். அந்த அம்பு போய்ச் சேரும் இடத்தைப் பார்த்ததே இல்லை.

காலை ஆறு மணி பஸ், பிற்பகல் ஒன்றரைக்குப் பதுளை. அங்கிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் பத்துக் கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம், எழுபது ரூபாய். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். “அப்பத்தான் எலும்பு முழுசாப் போய்ச் சேரும் அக்கா” என்றார் நடத்துநர்.

தங்கியது, உடன் வேலை செய்யும் ஆசிரியையின் அக்கா சரோஜாவின் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஓர் அறைக் காம்பராவில். தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. கணக்கெடுக்க வந்தவர் “வீடு யாருடையது?” என்று கேட்க, இவர் “எங்க வீடு” என்றிருக்கிறார். அவர் ‘சொந்த வீடு’ என்று பதிந்து, ஏழைகள் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டார். லயமோ தோட்டத்துக்குச் சொந்தம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவர் முறையிடப் போனார், நானும் கூடப் போனேன். பதுளை அலுவலகத்தில் இரண்டு மணி நேர வரிசை. உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். “வீடு எங்களுடையது இல்லைன்னு எழுதிக் குடுங்கம்மா, சரியாயிரும்” என்றார்.

சரோஜா அக்கா பேனாவைத் தொடவில்லை. “எழுதிருங்க அக்கா, காசு வரணுமே” என்றேன், பெரிய அறிவாளி போல.

“நாலு தலைமுறையா இருக்கோம். தகரம் மாத்துனது நாங்க. எம் புள்ள பொறந்தது அந்தக் காம்பராவுல. இல்லைன்னு எப்படிங்க எழுதுறது?”

பிறகு எழுத்தெழுத்தாக எழுதினார்: “வீடு எங்களுடையது. பத்திரம்தான் இன்னும் தரவில்லை. நிவாரணமும் வேண்டும், பத்திரமும் வேண்டும்.”

“ரெண்டாவதுக்கு இந்தப் படிவத்துல இடமில்லையே.”

“அப்ப வாங்கிட்டதாப் பின்பக்கத்துல முத்திரை குத்துங்க.”

குத்தினார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

போகிறவர்களுக்கு: மழைக்கோட்டு அவசியம். கடைசி பஸ் ஐந்தரைக்கு. இப்படி ஒரு முறையீட்டுக்குத் துணையாகப் போனால் முத்திரை விழுந்த தாளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தாளே வரவில்லை என்பார்கள்.

இதை எழுதும்வரை நிவாரணமும் வரவில்லை, பத்திரமும் வரவில்லை. நேற்று சரோஜா அக்கா ஒரு படம் அனுப்பினார். முன்சுவருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார், தோட்டத்து நிர்வாகத்தை ஒரு வார்த்தை கேட்காமல்.