பொம்மை ரயிலின் கடைசி பெஞ்ச்

அவளை எல்லோரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தின் பெரிய விலங்குக் காட்சிசாலையில், மூன்று பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும் அறிவிப்பு அறையில், பதினோரு வருஷமாக மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். "சிவப்புச் சட்டை அணிந்த நான்கு வயதுக் குழந்தை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்று அவள் சொல்லும்போது குரலில் ஒரு பிசிறு இருக்காது. பதறிக்கொண்டு வரும் பெற்றோரிடம் அவள் சொல்லும் முதல் பேச்சும் எப்போதும் ஒன்றுதான்.

"ஓடாதீங்க. உக்காருங்க. கடைசியா எங்க பாத்தீங்க?"

அத்தனை குழந்தைகளும் கிடைத்தார்கள். ஒன்று விடாமல்! ஆனால் பாருங்கள், அடுத்தவர் குழந்தைகளைத் தேடித் தேடியே அவளுக்குத் தன் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் தைரியம் போய்விட்டது. மூத்தவள் சுண்டுவுக்கு ஐந்து வயது. தம்பிக்கு எட்டு மாதம். நகரத்தின் மறுகோடியில் இருந்த பூங்காவில் ஓடும் பொம்மை ரயிலில் ஒரே ஒரு தடவை ஏறவேண்டும் என்று சுண்டு ஒரு வருஷமாக நச்சரித்தாள். "அடுத்த மாசம் போலாம்டி" என்று அவளும் ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டாள்.

கடைசியில் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்தான் பொறுமை இழந்தார். "ஊருல இருக்கற பிள்ளைங்க எல்லாம் போகுது. நம்ம பிள்ளை மட்டும் பீரோவுல வெச்சுப் பூட்டற நகையா?"

சரி என்று அவளுடைய விடுமுறை நாளான செவ்வாய்க்கிழமை கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன்னால் சமையலறையில் பரீட்சை நடந்தது.

"தொலைஞ்சு போனா என்ன பண்ணுவே?"

"இருக்கற எடத்துலயே இருப்பேன்."

"யாராவது வா வான்னு கூப்பிட்டா?"

"வரமாட்டேன்னு கத்துவேன்."

"பேரு கேட்டா?"

"சொல்லமாட்டேன். நீ வர்ற வரைக்கும் நகரமாட்டேன். எத்தனை வாட்டிம்மா கேப்பே? என் ஷூவ மாட்டி விடு."

மாட்டி விட்டாள். தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, நாலாக மடித்து, சுண்டுவின் குட்டிப் பையில் போட்டாள். ஆரஞ்சு கவுன், வெள்ளை ஷூ, இடது காதோரம் பச்சை கிளிப். ஒவ்வொன்றையும் மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். வேலைப் புத்தி, எங்கே போகும்?

பொம்மை ரயில் பூங்காவைப் பத்து நிமிஷத்தில் ஒரு சுற்று சுற்றி வரும். மூன்று இடங்களில் அரை நிமிஷம் நிற்கும். "நான் பின்னால பாத்து உக்காருவேன், தண்டவாளம் ஓடறத பாக்கணும்" என்று சுண்டு கடைசிப் பெட்டியின் பின்பக்க பெஞ்சில் ஏறிக்கொண்டாள். அவளுக்கு முதுகு காட்டிய முன் பெஞ்சில் அப்பாவும் அம்மாவும். நிமிஷத்துக்கு ஒரு தடவை அம்மாவின் கை பின்னால் நீண்டு அந்தக் கிளிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

பறவைக் கூண்டு நிறுத்தம் வரும்போது சின்னவன் டயப்பரை நனைத்துவிட்டு வீறிட்டான். ரயில் நின்றது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் இறங்கிக் கழிப்பறையைத் தேடிப் போனாள். அவர் மடக்கிய தள்ளுவண்டி, தண்ணீர் பாட்டில், சுண்டுவின் பை எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் இறங்கி, பறவைக் கூண்டு டிக்கெட் வரிசையில் நின்றார். சுண்டு அப்பாவோடு என்று இவள் நினைத்தாள். சுண்டு அம்மாவோடு என்று அவர் நினைத்தார்.

பத்து நிமிஷம் கழித்து வரிசையில் வந்து சேர்ந்தவள் கேட்டாள். "சுண்டு எங்கங்க?"

அவர் சிரித்தார். "விளையாடாதே. உங்கூடதானே வந்தா?"

அவள் விளையாடவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் தோளில் தொங்கிய குட்டிப் பையை அவள் பார்த்தாள். அதற்குள்தான் அந்தச் சீட்டு இருந்தது.

ஓடினாள்! பதினோரு வருஷம் ஊருக்கெல்லாம் ஓடாதே என்று சொன்னவள், இடுப்பில் கைக்குழந்தையோடு, ஒரு செருப்பு அறுந்து போக, ஓடினாள். ஊஞ்சல், சறுக்குமரம், மீன் குளம். அந்தக் குளத்துக்கு மட்டும் இரண்டு தடவை போனாள். தண்ணீரை எட்டிப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் நகரவும் முடியவில்லை. ஆரஞ்சாக எது தெரிந்தாலும் ஓடிப்போய்த் திருப்பிப் பார்த்தாள். ஒன்று பந்து. ஒன்று குப்பைத் தொட்டி. ஒன்று யாரோ பெற்ற பிள்ளை. தண்டவாளத்தைக் கடக்கப் போனபோது ரயில் கூவிக்கொண்டு வந்து வழியை மறித்தது. "இது வேற, சனியன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் ஓடினாள்.

கடைசியில் இருவரும் மூச்சிரைக்கத் தகவல் கவுண்டருக்கு வந்து சேர்ந்தார்கள். கவுண்டர்காரர் பொறுமையாகப் பேனாவைத் திறந்தார்.

"ஓடாதீங்கம்மா. உக்காருங்க."

"உக்காரவா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "என் பொண்ணக் காணோம்ங்கறேன், உக்காரச் சொல்றீங்க! உங்களுக்குப் பிள்ளை இருக்கா இல்லையா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இதே கேள்வியை எத்தனை தாய்மார்கள் அவளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்! பாவம், பதற்றத்தில் பேசுகிறார்கள் என்று எத்தனை தடவை தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

கவுண்டர்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கும்மா, ரெண்டு. கடைசியா எங்க பாத்தீங்க?"

"ரயில்ல. கடைசிப் பெட்டி. பின்னால பாத்து உக்காந்திருந்தா."

"எறங்கினத பாத்தீங்களா?"

"எறங்காம எங்க போவா?" என்றார் கணவர். "நாம எறங்கினா அவளும் எறங்கியிருப்பா."

அவள் அவரையே பார்த்தாள். சமையலறையும், மாட்டி விடச் சொன்ன ஷூவும், எத்தனை வாட்டிம்மா கேப்பே என்ற சலிப்பும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"அவ எறங்கியிருக்கமாட்டா," என்றாள் மெதுவாக. "இருக்கற எடத்துலயே இருன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

நிறுத்தத்தில் போய் நின்றார்கள். ரயில் வரவில்லை. அந்த நாலு நிமிஷம் இருக்கிறதே, அதைப்போல் நீளமான நாலு நிமிஷம் அவள் வாழ்க்கையில் வந்ததே இல்லை. ஒருவேளை இல்லையென்றால்? ரயிலிலும் இல்லையென்றால், அதற்குப் பிறகு எங்கே போய் நிற்பது? கணவர் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. கூவல் கேட்டது. முதல் பெட்டி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் யாரோ பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்கள். கடைசிப் பெட்டி.

பச்சை கிளிப்!

சுண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரயில் கார்டு, வியர்த்து விறுவிறுத்து.

"உங்க பொண்ணாம்மா?" என்றார் அவர். "மூணாவது ரவுண்டு. எறக்கலாம்னு கையத் தொட்டா, நான் ஏதோ புள்ள புடிக்கறவன் மாதிரி கத்துது! பேரு கேட்டா வாயத் தொறக்கமாட்டேங்குது. தனியா விட மனசு வரல, நானும் கூடவே சுத்திக்கிட்டிருக்கேன். வக்கீலுக்குப் படிக்க வைங்க."

அவள் ரயிலுக்குள்ளேயே மண்டியிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ ஆயிரம் பேருக்கு மைக்கில் பேசிய வாய், ஒரு பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் அழுதது.

"நான் நகரவே இல்லம்மா," என்றாள் சுண்டு. அதுவரை பிடித்து வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது. "உன்னப் பாத்தேன். கை காட்டினேன். அம்மா அம்மான்னு கத்தினேன். நீதான் பாக்காம ஓடிட்டே. ஓடக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

அன்றைக்குப் பறவைக் கூண்டை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, அறிவிப்பு அறைக் கதவு படாரென்று திறந்தது. ஒரு அப்பா. சட்டைப் பொத்தான் பிய்ந்திருந்தது.

"மேடம், என் பையன்..."

"ஓடா..." என்று ஆரம்பித்த மைக்கக்கா பாதியில் நிறுத்தினாள். எழுந்து நின்றாள். அவர் முன்னால் அவளும் நின்றுகொண்டே கேட்டாள்.

"தொலைஞ்சு போனா என்ன பண்ணணும்னு பையனுக்குச் சொல்லி வெச்சிருக்கீங்க?"

"காருக்கு... காருகிட்ட போய் நில்லுன்னு சொல்லியிருக்கேன்."

அவள் கை மைக்குக்குப் போகவில்லை. வண்டி நிறுத்தும் இடத்துக் காவலாளியைக் கூப்பிட போனை எடுத்தது.