லேஞ்சிக்குள்ள ஒரு கொப்புளம்

உதட்டோரம் ரெண்டு நாளா காய்ச்சல் கொப்புளம். கைத்துணி லேஞ்சியால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் இன்னைக்குக் காலையில பள்ளிக்கூடம் போக கொஸ்லந்தையில பஸ் ஏறினேன். சீட்டும் கிடைச்சிருச்சு.

அடுத்த ஹோல்ட்டுல கைக்குழந்தையோட ஒரு அக்கா ஏறினாங்க. நிக்கத்தான் இடம். பஸ்ஸுல வழக்கம்தானே, உட்கார்ந்திருந்த என் பக்கம் குழந்தையை நீட்டினாங்க.

"கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா, டீச்சர்?"

நான் சட்டுன்னு பின்னால சாஞ்சு, "வேணாங்க"ன்னுட்டேன்.

அவங்க முகம் வாடிருச்சு. "குளிப்பாட்டித்தான் தூக்கிட்டு வர்றேன். சுத்தமாத்தாங்க இருக்கா."

எனக்குச் சுருக்குன்னுச்சு. லேஞ்சியை எடுத்து உதட்டைக் காட்டினேன். "புள்ளைக்கு ஒட்டிக்கும்ங்க, அதான்."

அவ்வளவுதான், பஸ்ஸே ஆஸ்பத்திரி ஆயிருச்சு. பின்சீட்டு மாமா தேன் பூசச் சொன்னாரு. கண்டக்டர் கத்தாழைன்னாரு. அந்த அக்கா இப்ப சிரிச்சிட்டாங்க.

"பால் ஊத்தாத தேயிலைச் சாயத்தண்ணிய ஆறவச்சு, துணியில நனைச்சு ஒத்துங்க. தோட்டத்து லயத்துல நாங்க அதத்தான் செய்வோம். ஆறுற வரைக்கும் உங்க கோப்பையில யாரையும் குடிக்க விடாதீங்க."

அதுக்கப்புறம்தான் எந்திரிச்சு அவங்களை உட்கார வச்சேன்.

இத்தனை மருந்து சொன்ன பஸ்ஸுல, "முதல்லயே எந்திரிச்சிருக்கலாமே"ன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல. நீங்க சொல்லாம விடுவீங்களா?