அடங்கலில் ஒரு சிவப்பு டிக்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பிர்க்காவுக்கு நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டராகப் போனபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. அதில் அடங்கிய பதினெட்டுக் கிராமங்களின் நிலக் கணக்கை மேற்பார்வை செய்வது என் வேலை என்று உத்தரவில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு என் மாமனார் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். நானும் தடுக்கவில்லை.

எந்த வயலில் என்ன பயிர், யார் சாகுபடி, விளைச்சல் எப்படி என்று பசலி என்கிற நிலவரிக் கணக்கு வருஷம் ஒவ்வொன்றுக்கும் கிராமத்துக் கணக்குப்பிள்ளை எழுதும் புத்தகத்துக்கு அடங்கல் என்று பெயர். அதில் பத்துக்கு ஒரு வயலையாவது நான் நேரில் போய்ப் பார்த்துச் சிவப்பு மையில் டிக் போட வேண்டும். ஆனால் சம்பா நிற்கும் மாதங்களில் வரப்பில் கால் வைத்தால் முழங்கால் வரை சேறு. அதனால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் வசதியான ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருந்தார்கள். கணக்குப்பிள்ளைகள் புத்தகத்தைத் துணியில் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்துவிடுவார்கள். அவர்கள் வாசிக்க வாசிக்க நான் காபி குடித்துக்கொண்டே டிக் போடுவேன். என் டிக்கை நம்பித் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்தை நம்பி, வருஷாந்தரக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் பெரிய அதிகாரி போடுவார். பந்தல் கட்டி, மாலை போட்டு, கணக்கெல்லாம் சரி என்று முடித்து வைப்பார்கள். கணக்குப்பிள்ளையோ போன வருஷத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்.

சோம்பேறி என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வருஷம் கார்த்திகையில் ஆற்றுக் கரை உடைந்து வயல்களில் மணல் ஏறியபோது நான் எட்டு நாள் வீட்டுக்கே போகவில்லை. மணல் மூடிய நிலங்களைப் பட்டியல் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு வயலில் ஓர் அம்மாள் கூடையில் மணல் அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், புருஷன் இல்லை. நிலம் கும்பகோணத்தில் இருக்கும் ஒருவருடையது என்றும், புருஷன் காலத்திலிருந்து தான்தான் குத்தகைக்குப் பார்ப்பதாகவும் சொன்னார். அவர் பெயரைச் சாகுபடியாளர் என்ற இடத்தில் எழுதிக்கொண்டேன். திரும்பும்போது என் செருப்பு ஒன்று மணலில் புதைந்து எங்கே என்று தெரியாமல் போயிற்று. அந்த அம்மாள்தான் தோண்டி எடுத்து, ஆற்றுத் தண்ணீரில் அலசிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து அந்த ஊர் அடங்கல் என் வீட்டுக்கு வந்தது. அதே வயல் எண்ணுக்கு நேரே, சம்பா நெல், பன்னிரண்டு அணா விளைச்சல், நிலக்காரரின் சொந்தச் சாகுபடி என்று இருந்தது. பதினாறு அணா என்றால் முழு விளைச்சல். மணல் மேட்டில் முக்கால் விளைச்சல் கண்ட அந்த வரிக்கு நான் டிக் போட்டேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வெள்ளப் பட்டியல் ஒரு பிரிவுக்குப் போனது, அடங்கல் வேறொரு பிரிவுக்குப் போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

கிழக்கே வயலுக்கு வயல் சிவப்புக் கொடி நட்டு, கூலிக்கும் நிலத்துக்கும் அடிதடி நடந்துகொண்டிருந்த காலம் அது. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. குத்தகைதாரர் பெயரை ஏட்டில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் நிலக்காரர் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. பதியாவிட்டால் அடுத்த நடவுக்கு வரப்பில்கூட நிற்க முடியாது. அந்த அம்மாளும் மனுப் போட்டிருந்தார்.

தாலுகா அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு என்னையும் அடங்கலோடு வரச் சொன்னார்கள். நிலக்காரரின் காரியஸ்தர் வந்திருந்தார். அந்தப் பெண் கூலிக்கு வேலை செய்தவள், சாகுபடி எங்களுடையது, மூன்று வருஷ அடங்கலும் அப்படித்தான் சொல்கிறது, இன்ஸ்பெக்டரே பார்த்து டிக் போட்டிருக்கிறார் என்றார். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் புத்தகத்துக்கு மாறாக இல்லை.

அந்த அம்மாளிடம் ஒரு காகிதமும் கிடையாது. விசாரணை அதிகாரியிடம் என்னைக் காட்டினார்.

"இந்த ஐயாவே வந்து பாத்தாங்க. மணல்ல நின்னு எம் பேரக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அவங்களையே கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். டெபுடி தாசில்தார் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. போனேன் என்றால் டிக் பொய், டிக் சரி என்றால் இந்த அம்மாள் பொய். அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு பதில் இருக்கிறது, யாரையும் கடிக்காத பதில். ஞாபகம் இல்லை சார் என்றேன்.

அந்த அம்மாள் செருப்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் காலை ஒரு தடவை பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அன்றைக்கும் அதே செருப்பைத்தான் போட்டிருந்தேன். அவ்வளவு கேவலமாக நான் அதற்கு முன்னும் உணர்ந்ததில்லை, பின்னும் இல்லை.

சாப்பாட்டுக்கு ஒத்திவைத்தார்கள். நான் சாப்பிடப் போகவில்லை. பதிவறையில் வெள்ளப் பட்டியல் கட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி, அதிகாரியின் மேசையில் அடங்கலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதான?"

"ஆமா சார்."

"எதை நம்பறது?"

"பட்டியலை நம்புங்க சார். அது வயல்ல நின்னு எழுதுனது. அடங்கலுக்கு வீட்ல உக்காந்து டிக் போட்டேன்."

பெயர் பதிவாயிற்று. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது, இரண்டு வருஷ இன்கிரிமென்ட் போனது, பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரும் போனது. மாமனார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். என்னைப் போன்றவர்கள் இனி ஏமாற்றக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. வயலைப் பார்த்ததற்கு அத்தாட்சியாக, அங்கேயே சாகுபடியாளரிடம் கையொப்பமோ ரேகையோ வாங்க வேண்டும். அடங்கலில் அதற்கு ஒரு கட்டம் கூடியது. அடுத்த மாதமே கணக்குப்பிள்ளைகள் ஊர் முழுக்க ரேகை வாங்கிக்கொண்டு காபி நேரத்துக்கு என் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். திருப்பி அனுப்பினேன். சூடு கண்டவன் நான்.

அந்த வருஷம் தை பிறப்பதற்கு முன்னால் அந்த அம்மாளின் வயலுக்குப் போனேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்துத்தான் போனேன், மறைப்பானேன். அவர் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கணக்குப்பிள்ளை எழுதியிருந்தபடியே, அவர் பெயர், சம்பா நெல், பன்னிரண்டு அணா என்று வாசித்தேன்.

"பன்னெண்டு அணான்னு எதப் பாத்து எழுதுனீங்க? கெழக்கு மூலையில இன்னும் மணல் கெடக்குங்க. எறங்கிப் பாத்துட்டு எழுதுங்க, அப்பறம் ரேகை வைக்கிறேன்."

உங்களுக்காக இரண்டு வருஷ இன்கிரிமென்டை விட்டவன் நான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். செருப்பை வரப்பில் கழற்றி வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கிழக்கு மூலைக்குப் போகப் போகச் சேறு குறைந்து காலுக்கடியில் மணல் நறநறத்தது. அங்கே பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை, வெளுத்துப் போயிருந்தது. திரும்பி வந்து பன்னிரண்டை அடித்து எட்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அதை வாசித்தும் காட்டினேன்.

அதற்குப் பிறகுதான் அவர் கட்டைவிரலை நீட்டினார்.