பலகைத் தரையும் ஒரு குழந்தையின் காதும்

“ஏட்டுப் படிப்பு படிச்சா, புள்ள ஏன் பேசலன்னு தெரிஞ்சிடுமா? நீ ஒண்ணப் பெத்து வளத்துட்டு வந்து சொல்லு” என்றார் என் அண்ணன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடப் படியேறியவள் நான். ஏழாம் வகுப்பு முடித்து, பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் சிறுமிகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அதைத்தான் அவர் ஏட்டுச் சுரைக்காய் ஆக்கினார்.

அண்ணன் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. ஒரு வயதில் ‘த்தா, ப்பா’ என்று மழலை பேசியவள்தான். பிறகு இரண்டு காதிலும் சீழ் வடிந்தது, மழலையும் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேச்சு வரட்டும் என்று வெள்ளிதோறும் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். அவள் திமிறுவாள், அண்ணி கன்னத்தை அழுத்தி வாயைத் திறப்பார். சனிக்கிழமை தலைக்கு ஊற்றினால், அந்தச் சீழ்க் காதிலேயே காய்ச்சிய எண்ணெய்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது சிரிப்பு. “அத்தக்காரி பேசுறதுல பாதிய அள்ளிக் குடுத்தாலே போதும்லா, புள்ள மேடையேறிப் பேசும்!”

“காது கேக்கலியோ, அண்ணே?” என்று நான் கேட்டதற்குத்தான் அண்ணனின் அந்த ஏட்டுப் படிப்புப் பேச்சு. அத்தோடு விடவில்லை. “ரயிலு வந்தா மொத ஆளா கைதட்டுறா. நான் படியேறுனா திரும்பிப் பாக்குறா. அவளா செவிடு?”

எங்களுடையது ரயில்வே குவார்ட்டர்ஸ். தண்டவாளம் கூப்பிடு தூரம். ரயில் போனாலும், ஆள் நடந்தாலும், பலகைத் தரை முழுக்க அதிரும். அவள் வெறுங்காலோடு அதன்மேல்தான் நிற்பாள். அந்த அதிர்வைத்தான் அவள் உணர்கிறாள் என்று எனக்கே உறைக்க ஒரு மாதம் ஆனது. அந்தக் கோபம் என்மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லையில் மண்தரையில் நின்றேன். “அண்ணி, எனக்குப் பின்னால வந்து தாம்பாளத்தத் தட்டுங்க.”

அண்ணி கரண்டியால் ஓங்கி அடித்தார். வேலியோரக் கோழிகள் சிதறி ஓடின. குழந்தை என் தோட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள். மறுபடியும் அடித்தார். மூன்றாம் முறை அடிக்கக் கை எழவில்லை.

“அப்ப இத்தன நாளா அந்த நாக்க நான்...” என்று அழுதார்.

கொல்லைப்படியில் நின்று பார்த்த அண்ணன் மசியவில்லை. “ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவேணாம். செவிட்டுப் பொண்ணுன்னு ஊரே பேரு கட்டும்.”

“ஊமைன்னு கட்டுன பேரு மட்டும் இனிச்சிச்சா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கை ஓங்கினார். நான் நகரவில்லை.

மறுநாள் அண்ணன் வேலைக்குப் போனதும் அண்ணியும் நானும் அவளை ரிக்ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. எண்ணெய் ஒரு சொட்டு கூடாது. சீழ் வற்றினால் ஓரளவு கேட்கலாம், முகத்துக்கு நேரே, சத்தமாகப் பேசிப் பேசிப் பழக்குங்கள் என்றார் டாக்டர். வாரம் இருமுறை வந்து சுத்தம் செய்யவேண்டும். அண்ணியைத் தனியே அனுப்ப அண்ணன் விடமாட்டார்.

இன்று காலை, திங்களும் புதனும் முற்பகல் லீவு கேட்டுத் தலைமை ஆசிரியையிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். காரணத்தை மறைக்கவில்லை: ‘என் அண்ணன் மகளுக்குக் காது கேட்கவில்லை, வைத்தியத்துக்கு நான் அழைத்துப் போகிறேன்.’